எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கறிக்குழம்பு

டிசம்பர் பிறந்துவிட்டால் மற்ற வீடுகளில், "துணி எடுத்தாச்சா? கேக்குக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் கேட்கும் முதல் கேள்வியே வேறு. "இருபத்தஞ்சாம் தேதி அப்பாவுக்கு எந்த ஷிப்ட்?"

நெய்வேலிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இது உடனே புரியும். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது. ஊரெல்லாம் விளக்கு எரிய வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வீட்டு மனுஷர் அங்கே நின்றுதானே ஆக வேண்டும்?

அதனால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து மத்தியானத்தில் இல்லை, ராத்திரியில்தான். இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. என் மாமனார் காலத்திலிருந்து வருவது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து அவர் வீடு வந்து, குளித்து, புது வேஷ்டி கட்டி, ஜெபம் பண்ணி உட்கார ராத்திரி பத்து மணிக்கு மேலாகிவிடுமாம். அதுவரை பிள்ளைகள் யாரும் கறிக்குழம்பில் கை வைக்கக் கூடாது. அவர் ஓய்வு பெற்றபின்னும் அந்த நேரம் மாறவில்லை. 2012-இல் அவர் காலமான பிறகும் மாறவில்லை. பகலில் இட்லி, கோழிக் குழம்பு, கேக் என்று ஏதேதோ நடக்கும். ஆனால் 'கிறிஸ்துமஸ் சாப்பாடு' என்றால் ராத்திரிச் சாப்பாடுதான்.

நாசரேத்திலிருந்து வந்த உருளி

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-இல் ஏற்பட்டது. 1961-இல் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. அதற்குப் பிறகு மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்கள் வேலை தேடி வந்தார்கள். என் மாமனார் நாசரேத்துக்காரர். ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். 1966-இல் கல்யாணமாகி என் மாமியார் வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் ஒன்று ஒரு வெண்கல உருளி. எட்டுப் பேருக்குத் தாராளமாகக் குழம்பு வைக்கலாம். தூக்கினால் இடுப்பு ஒடியும்! அந்த உருளி வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான் அடுப்பில் ஏறும்.

நான் கடலூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் அம்மா வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் வஞ்சிர மீன் வறுவலும் இறால் தொக்கும் இல்லாமல் நடக்காது. 2003-இல் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டுச் சமையல் எனக்குப் பெரிய பரீட்சையாகவே இருந்தது. தேங்காய்ப்பால் சோறு, தேங்காய் அரைத்துவிட்ட ஆட்டுக்கறிக் குழம்பு, தயிர் வெங்காயம், அவித்த முட்டை. அதோடு பலகாரமாக முந்திரிக்கொத்து.

இந்த முந்திரிக்கொத்தில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பண்ருட்டி முந்திரி விளைகிற சீமையில் பிறந்தவளாயிற்றே! "முந்திரிக்கொத்துக்குச் சாமான் வாங்கிட்டு வா" என்று அத்தை சொன்னதும், ஒரு கிலோ முந்திரிப் பருப்பு வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். அத்தை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏளா, இதுல முந்திரிப் பருப்பே கெடையாது. வறுத்த பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான். மூணு உருண்டையா ஒட்டிக்கிட்டுக் கொடிமுந்திரிக் கொல மாரி இருக்கும், அதான் அந்தப் பேரு" என்றார். அந்த ஒரு கிலோ முந்திரியையும் அத்தை வீணாக்கவில்லை. வறுத்து, பொட்டலம் கட்டி, தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார்.

கறி வருமுன் பலகாரம்

தட்டு கொடுத்தனுப்புவது எங்கள் வீட்டின் இன்னொரு வழக்கம். மாமனார் குடும்பம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், அந்த வட்டத்தில் ஒரு பக்கம் கேரளத்துக் குடும்பம், ஒரு பக்கம் மதுரைக்காரர்கள், எதிரே தஞ்சாவூர்க்காரர்கள். தீபாவளிக்கு அதிரசம் வரும், ரம்ஜானுக்கு பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கேயிருந்து முந்திரிக்கொத்து போகும். டியூட்டியில் இருக்கும் கூட்டாளிகளுக்கு அடுக்கு கேரியரில் சோறும் குழம்பும் போகும். காலியாக எந்தத் தட்டும் திரும்பாது. ஒரு பிடி சர்க்கரையாவது அதில் இருக்கும்.

இப்போது நாங்கள் குறிஞ்சிப்பாடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கு அடுத்த வீட்டு அக்கா வள்ளலார் வழியில் நடக்கிறவர். வடலூர் எங்களுக்குப் பக்கம். 1867-இல் வள்ளலார் அங்கே தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து, வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறது. அந்த அக்கா வீட்டில் முட்டைகூடக் கிடையாது. அதற்காக, கறி வீட்டுக்குள் வருமுன், தனிச் சட்டியில், தனிக் கரண்டியில் பலகாரம் செய்து முதலில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இந்த ஒழுங்கை ஏற்படுத்தியவரும் என் மாமியார்தான். "நம்ம சந்தோஷத்துல அடுத்த வீட்டுக்காரங்க மூக்கப் பொத்தக் கூடாது" என்பார்.

அந்த அக்டோபர்

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வழக்கம் 2022-இல் நின்றுபோனது. நிறுத்தியவள் நான்தான்.

அந்த வருஷம் அக்டோபர் மாதம் ஒருநாள் ராத்திரி. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், "நெஞ்சு என்னமோ அடைக்குது, வாயுவா இருக்கும்" என்றார். நானும் வாயு என்றே நினைத்து இஞ்சிச் சாறு கொடுத்தேன். பெருங்காயத்தை மோரில் கலந்து கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படியே போய்விட்டது. பிறகு இடது தோள் வலிக்கிறது என்றார். சட்டை நனைந்து சொட்டுகிற அளவுக்கு வியர்வை. அடுத்த வீட்டு அக்காவின் மகன்தான் காரை எடுத்தான்.

ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வந்தார், கடவுளுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. சகோதரிகளே, நெஞ்சில் பாரம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்கல் என்று வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுவாகவே இருந்தால் நல்லதுதான், திரும்பி வந்துவிடலாம்.

வீடு வந்த நாளிலிருந்து நான் ஒரு போலீஸ்காரி ஆகிவிட்டேன். கறி கிடையாது, தேங்காய் கிடையாது, முட்டை கிடையாது, ஊறுகாய் ஜாடியை மேல் அலமாரியில் வைத்துப் பூட்டு. அவர் ஒன்றும் பேசவில்லை. அத்தையும் பேசவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்றே நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. லீவில் இருந்ததால், என் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக அன்று முழுக்க அவர் வீட்டில் இருந்தார். நான் யாரிடமும் கேட்காமல் குக்கரில் காய்கறிப் புலாவும், மீல்மேக்கர் குருமாவும் செய்து மேஜையில் வைத்தேன். உருளி பரணில் கவிழ்ந்தே கிடந்தது.

"இது கிறிஸ்துமஸ் சாப்பாடா, ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்று பையன் முணுமுணுத்தான். அவர் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டு எழுந்தார். அத்தை, "எனக்குப் பசியில்ல, ரெண்டு வாய் மோர்ச்சோறு போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். வருஷத்தின் பெரிய விருந்து பத்து நிமிஷத்தில் முடிந்துபோனது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ராத்திரி அத்தையின் கட்டிலருகே போய், "அவர் உசுரு பெரிசா, கறி பெரிசா, நீங்களே சொல்லுங்க!" என்று கேட்டுவிட்டேன். அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை.

அத்தை எழுந்து உட்கார்ந்தார். "நான் ஒன்கிட்டக் கறி கேட்டேனாளா?" என்றார். "நான் இந்த ஊருக்கு வந்த மொதக் கிறிஸ்மஸுக்குக் கறி ஏது? சம்பளத்த ஊருக்கு அனுப்பியாச்சு. அந்த உருளியில கருவாட்டுக் கொழம்புதான் வச்சேன். ஒங்க மாமா ஷிப்ட் முடிஞ்சு வந்து, ரெண்டு பேரும் அதத்தான் சாப்பிட்டோம். உள்ள என்ன வேகுதுன்னு நான் எப்பக் கேட்டேன்? உருளிய எறக்கவானு ஒரு வார்த்த என்கிட்டக் கேட்டியா? அவன் ஒனக்குப் புருஷன், எனக்குப் புள்ள இல்லியா? அவன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் மட்டும் தூங்குனேனா?"

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு மாதமாக நான் ஒருத்திதான் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் இன்னொருத்தியும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குச் செய்ய ஒரு வேலைகூட நான் மிச்சம் வைக்கவில்லை.

டாக்டர் சொன்னதும் நான் கேட்டதும்

ஜனவரி மாதம் பரிசோதனைக்குப் போனபோது அத்தையையும் அழைத்துப் போனேன். உணவு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் அத்தையே நேராகக் கேட்டார்: "பண்டிகைக்கு என் மகன் ஒரு துண்டு கறி சாப்பிடலாமா, கூடாதா?"

அந்த அம்மா சிரித்தார். "கறியே கூடாதுன்னு நாங்க சொல்லலியே! எந்தக் கறி, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவைங்கறதுதான் கேள்வி" என்றார். கொழுப்பை நீக்கிய தொடைக்கறியில் எப்போதாவது சிறிதளவு பரவாயில்லை, ஈரல், மூளை, குடல் வேண்டாம், கொழுப்பு மிதக்கும் குழம்பு வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் மீன் நல்லது, உப்பு நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும் என்று விளக்கினார். இவையெல்லாம் அக்டோபரிலேயே சொன்னவைதான். பயத்தில் என் காதில் 'கூடாது' என்ற சொல் மட்டுமே விழுந்திருந்தது. (இது என் வீட்டுக்காரருக்குச் சொன்ன யோசனை. சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

நர்சிங் படிக்கும் என் மகள் இன்னொரு சேதி சொன்னாள். போலந்து நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி விருந்தில் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எதுவுமே கிடையாதாம். மீனும், பீட்ரூட் சூப்பும், காளானும், மாவுப் பண்டங்களுமாகப் பன்னிரண்டு பதார்த்தம் வைப்பார்களாம். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டும் கூடுதலாக வைப்பார்களாம். "பாத்தியா, தட்டு வைக்கிற வழக்கம் அங்கயும் இருக்கு!" என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

மறுபடி உருளி

2023 கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். இரண்டரைக் கிலோ கறி வாங்குகிற வீட்டில் எண்ணூறு கிராம். குழம்புக்கு முழுத் தேங்காய் அரைப்பது போய், கால் மூடித் தேங்காயும் பொட்டுக்கடலையும். இரண்டு தேங்காயின் பால் ஊற்றிய சோற்றுக்கு அரைமூடித் தேங்காயின் பால், மீதிக்குத் தண்ணீர். அப்பளம், ஊறுகாய் கிடையாது. என் பங்குக்கு, கடலூரிலிருந்து வஞ்சிரம் வாங்கி, மசாலா தடவி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுட்டேன். இருபது வருஷம் கழித்து எங்கள் அம்மா வீட்டு மீனுக்கு இந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் மேஜையில் இடம் கிடைத்தது!

ஒரே ஒரு சண்டை, ஃபிரிட்ஜ் விஷயத்தில் வந்தது. கறியை வேகவைத்த தண்ணீரைக் குளிரவைத்தால் கொழுப்பு மேலே உறைந்துவிடும், எடுத்துப் போட்டுவிடலாம் என்றேன். "ஃபிரிட்ஜுல வச்ச கறி செத்த கறி" என்றார் அத்தை. கடைசியில், ராத்திரி விருந்துதானே, காலையில் வேகவைத்து சாயங்காலம் எடுத்தால் அன்றைக்கு உள்ளதுதானே என்று சமாதானமானார். சாயங்காலம் பாத்திரத்தைத் திறந்தால், மேலே வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி ஒரு தகடு! அத்தை அதை விரலால் தட்டிப் பார்த்தார். "இவ்வளவுமா நம்ம வயித்துக்குள்ள போச்சு?" என்று கேட்டுவிட்டு, கரண்டியை என் கையிலிருந்து வாங்கித் தாமே வழித்துப் போட்டார்.

பத்து மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். அவருக்கு நான்கு துண்டு என்று கணக்கு. ஐந்தாவது துண்டுக்குக் கை நீண்டபோது, நான் வாய் திறக்குமுன், "எய்யா, போதும்" என்று அத்தையின் குரல் வந்தது. கை தானாகப் பின்னால் போய்விட்டது. நான் பதினான்கு மாதமாகப் போட்ட பாராவெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகுமா?

ருசி பழைய மாதிரியே இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கொழுகொழுப்பு இல்லைதான். ஆனால் உருளியின் அடியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, ஆளுக்கு ஓர் உருண்டை வாங்குவதற்குப் பிள்ளைகள் இரண்டும் அடித்துக்கொண்டதைப் பார்த்தபோது, அந்தக் குறை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

எட்டுப் பேருக்குக் கறிக்குழம்பு

தேவையானவை: கொழுப்பு நீக்கிய ஆட்டுத் தொடைக்கறி 800 கிராம், சின்ன வெங்காயம் 250 கிராம், தக்காளி 3, முருங்கைக்காய் 3, இஞ்சி பூண்டு விழுது 2 மேஜைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 3 மேஜைக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, கறிவேப்பிலை 2 கொத்து.

வறுத்து அரைக்க: கொத்தமல்லி விதை 3 மேஜைக்கரண்டி, வத்தல் மிளகாய் 8, மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம், சோம்பு ஒவ்வொரு தேக்கரண்டி, பொட்டுக்கடலை 2 மேஜைக்கரண்டி, கால் மூடித் தேங்காய்.

செய்முறை: கறியைக் கழுவி, மஞ்சள்தூள், பாதி இஞ்சி பூண்டு விழுது, பாதி உப்புச் சேர்த்து, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி மெத்தென்று வேகவிடவும். கறியையும் தண்ணீரையும் தனித்தனியே அகலப் பாத்திரத்தில் ஆறவைத்து, மூடி, ஃபிரிட்ஜில் வைக்கவும். ஆறேழு மணி நேரத்தில் தண்ணீரின் மேல் கொழுப்பு உறைந்துவிடும். அதை வழித்து எறிந்துவிடவும். வாணலியில் எண்ணெய் விடாமல் மசாலாச் சாமான்களை வறுத்து, தேங்காயையும் கடைசியில் ஒரு புரட்டுப் புரட்டி, மைய அரைக்கவும். உருளியில் எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, வெங்காயம், மீதி விழுது, தக்காளி என்று வரிசையாக வதக்கி, அரைத்த மசாலாவைப் போட்டுப் பச்சை வாசனை போகக் கிளறவும். கறி வெந்த தண்ணீரை ஊற்றி, கொதித்ததும் முருங்கைக்காயைப் போட்டு, அது பாதி வெந்ததும் கறியையும் மீதி உப்பையும் சேர்த்து, சிறு தீயில் இருபது நிமிஷம் வைத்து இறக்கவும்.

மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடலாம்.

சகோதரிகளே, வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் பத்தியம் போடுகிற பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது. போடத்தான் வேண்டும். ஆனால் பண்டிகைச் சமையலில் கை வைக்குமுன், அந்த வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்காததால் ஒரு கிறிஸ்துமஸை இழந்தேன். எழுபது வயதைத் தாண்டிய மாமியாருக்கு அது சின்ன இழப்பில்லை.

இந்த டிசம்பருக்கும் உருளியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டோம். புளி போட்டுத் தேய்க்கும் வேலை என்னுடையது. நன்றாகத் தேய்த்திருக்கிறேனா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிற வேலை அத்தையுடையது!